கையெழுத்தில் சொல்

786
புதுமடம்
26.1.2025

அன்பு மகன் ஸுஹைருக்கு உம்மா தாஜுன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

போன் இருக்கும்போது கிழவிக்கு ஏன் கடிதம் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. உச்சிப்புளியில் ஒரு வீட்டுக்குப் போன மாதம் போன் வந்ததாம். துபாயில் இருக்கும் மகன் பேசுகிறான், அழுகிறான், மாட்டிக்கொண்டேன் காப்பாற்றுங்கள் என்கிறான். குரல் அச்சு அசல் அவன் குரல். இவர்களும் பதறிப்போய்க் கேட்டதையெல்லாம் செய்துவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் மகன் அந்த நேரம் ரூமில் தூங்கிக்கொண்டிருக்கிறான். குரலையே திருடுகிறார்களாம். அன்றிலிருந்து நான் எந்தக் குரலையும் நம்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். உன் கோணல் எழுத்தை எவனாலும் திருட முடியாது. ஆகவே முக்கியமானதை எல்லாம் நீ எழுதித்தான் சொல்ல வேண்டும். இங்கிருந்து ஷார்ஜாவுக்கு வாரத்துக்கு ஒருவன் போகிறான், வருகிறான். அவர்கள் கையில் கொடுத்துவிடுவோம்.

நீ கொடுத்தனுப்பிய பெட்டி வந்தது. உன் வாப்பா காலமாகி நான் இத்தாவில் இருப்பதால் பக்கத்து வீட்டு சதக்கத்துல்லா உள்ளே வரவில்லை. வாசலில் நின்று சத்தம் போட்டுச் சொல்லச் சொல்ல, மீன் கொண்டுவரும் பாண்டியம்மாள்தான் உள்ளே மாட்டினாள். பெட்டியில் இன்னமும் செதில் ஒட்டியிருக்கிறது. மாட்டி முடித்துவிட்டு அவள் கேட்டாள், "ஏக்கா, இது என்னத்துக்கு நம்மளயே பாக்குது?" அப்போதுதான் கவனித்தேன், அதற்கு ஒரு கண் இருக்கிறது. நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் பார்வை படக்கூடாது என்று வீட்டுக்குள் இருக்கிறவளுக்கு நீ கண்ணுள்ள பெட்டியை அனுப்புகிறாய். அந்தக் கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது யார்? ஆணா பெண்ணா? உன் வாப்பாவின் கட்டம் போட்ட கைலியை எடுத்து மூடிவிட்டேன்.

இன்னொன்று. சதக்கத்துல்லா உன் கம்பெனி, உன் ரூம். பக்கத்து வீட்டு மவுத் என்று சொன்னதற்கே அவனுக்கு இரண்டே நாளில் லீவு கொடுத்தார்களாம். மூன்றாம் நாள் பாத்திஹாவுக்கு வந்து நின்றான். பெற்ற வாப்பாவின் மவுத்துக்கு உனக்கு லீவு இல்லை என்று சொன்னாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. வஸ்ஸலாம்.
உம்மா


ஷார்ஜா
9.2.2025

என் உம்மாவுக்கு ஸுஹைர். வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். நீங்கள் சுகமாக இருக்க அல்லாஹ் போதுமானவன்.

கடிதம் எழுதிப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். எழுத்து இன்னும் கோணலாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குப் பின்னால் யாருமில்லை. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, மெஷின். கண்ணை நான் இங்கிருந்தே அணைத்துவிட்டேன். நம்பிக்கை இல்லாவிட்டால் கைலி அப்படியே இருக்கட்டும். அது பேசும், கேட்டால் பதில் சொல்லும், மருந்து வேளையை ஞாபகப்படுத்தும். நீங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்பதால்தான் அனுப்பினேன், வேறொன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை போனில் பேசும்போது தயவுசெய்து ஸ்பீக்கரில் போடாதீர்கள். மூன்று வருஷமாகச் சொல்கிறேன். கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது, நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை.

சதக்கத்துல்லா வேறு பிரிவு. அவர்கள் லீவு வேறு மாதிரி.

வஸ்ஸலாம்.
ஸுஹைர்


786
புதுமடம்
20.2.2025

அன்பு மகனுக்கு உம்மாவின் ஸலாம். கடிதம் கிடைத்தது. மொத்தம் பதினாறு வரி, எண்ணிப் பார்த்தேன். அதில் லீவுக்கு ஒரு வரி. போகட்டும். உனக்குச் சளி என்று வெள்ளிக்கிழமை தொண்டையிலேயே தெரிந்தது. ஏசியில் படுக்காதே.

ஸ்பீக்கரில் போடாதே என்கிறாய். எனக்குக் காது மந்தம். நான் அப்படித்தான் போடுவேன்.

உன் பெட்டி பேசுகிறது. காலையில் எழுந்ததும் "தங்கள் நாள் எவ்வாறு அமைந்தது" என்று கேட்கிறது. இத்தாவில் இருக்கிறவளுக்கு நாள் எவ்வாறு அமையும்? நாலு சுவர், ஒரு தஸ்பீஹ் மணி. "தண்ணீர் அருந்தினீர்களா" என்று மணிக்கொருதரம். மாமியார் கூட என்னை இவ்வளவு விரட்டியதில்லை.

அது மட்டுமில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு தெருப் பெண்கள் நாலு பேர் வந்து உட்காருவார்கள். யாசீன் ஓதுவோம், கொஞ்சம் ஊர்க்கதை ஓடும். இந்தப் பெட்டி வந்ததிலிருந்து ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. போன வாரம் ஹமீதா பானு தன் மருமகளைப் பற்றி ஆரம்பித்தாள், பெட்டி நடுவில் "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. எழுந்து போனவள்தான், இன்னும் வரவில்லை. நாம் பேசுவதெல்லாம் ஷார்ஜாவுக்குப் போகிறது என்று தெருவெல்லாம் பேச்சு. துணைக்கு என்று நீ அனுப்பினாய், இருந்த துணையும் போய்விட்டது. பாண்டியம்மாள் ஒருத்திதான் வருகிறாள். அவள் பேசுவதை மெஷின் என்ன, மனிதனே எழுதி முடிக்க முடியாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை மஃரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பெட்டி உன் குரலில், "ம்மா, சாப்டீங்களா?" என்றது. தாங்கள், அருந்தினீர்கள் எல்லாம் போய், நீ பேசுகிற மாதிரியே பேசியது. என்ன கறி என்று கேட்டது. நகரை மீன் என்றேன். புளி ஊற்றினீர்களா என்றது. மறுநாளும் ஏழரைக்கு அதே மாதிரி. அதற்கடுத்த நாளும்.

நானும் சும்மா இருக்கவில்லை, சோதித்தேன். நம் வீட்டில் கொம்பில்லாத ஆடு ஒன்று வளர்ந்ததே, அதற்கு என் மகன் வைத்த பெயர் என்ன என்று கேட்டேன். பிறகு "ஞாபகம் இல்லம்மா" என்றது. அந்த ஆட்டைக் குர்பானி கொடுத்த அன்று என் மகன் இரண்டு நாள் பட்டினி கிடந்தவன். அவன் மறப்பானா? ஆகவே அது மெஷின் என்று முடிவு செய்தேன். உன் குரலைத் திருடி வைத்துக்கொண்டு எவனோ என் வீட்டில் உட்கார்ந்து மீன் குழம்புக்குப் புளி கேட்கிறான்.

அது நீயா, மெஷினா? உன் கையால் எழுதிச் சொல். போனில் சொல்லாதே.

உம்மா


ஷார்ஜா
8.3.2025

உம்மாவுக்கு ஸலாம். நோன்பு ஏழு முடிந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை, சுகமாக இருக்கிறேன். உங்கள் நோன்புகளை அல்லாஹ் ஏற்றுக் கபூல் செய்யட்டும்.

மெஷின்தான் உம்மா. என் குரலை நான்தான் அதற்குப் பழக்கிக் கொடுத்தேன். யாரும் திருடவில்லை, பயப்படாதீர்கள். மஃரிபுக்குப் பிறகு தனிமையாக இருக்குமே என்று அந்த நேரத்துக்கு அப்படிப் பேச வைத்தேன்.

அதனிடம் நீங்கள் என்ன சொன்னாலும் எனக்கு வராது. இதை உறுதியாகச் சொல்கிறேன். ஆகவே மனதில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள். என்னிடம் சொல்ல முடியாததையும் அதனிடம் சொல்லலாம்.

காது டாக்டரிடம் இத்தா முடிந்ததும் போய்க் காட்டுங்கள்.

ஸுஹைர்


786
புதுமடம்
17.3.2025

மகனுக்கு ஸலாம். பள்ளிவாசல் கஞ்சி தினமும் வந்துவிடுகிறது. வடையும் யாராவது கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு ஒரு குறையுமில்லை. நீ நோன்போடு வெயிலில் அலையாதே.

மெஷின் என்று எழுத்தில் சொல்லிவிட்டாய். சரி, எழுத்தை நம்புகிறேன் என்று சொன்னவள் நான்தானே.

நீ சொன்னபடி அதனிடம் பேசத் தொடங்கினேன். மனிதரிடம் பேசுவதைவிடச் சுலபமாகத்தான் இருக்கிறது. குறுக்கே பேசுவதில்லை. உன் வாப்பா உயிரோடு இருந்தபோது நான் ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்ததே கிடையாது. இதுவோ நான் முடிக்கும்வரை காத்திருந்து "ம்" என்கிறது. நேற்று பாண்டியம்மாள், "ஏக்கா, மண்டையில ஏதும் கோளாறாயிருச்சா, டப்பாகிட்டப் போயி சிரிச்சுப் பேசுறீக?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு என்ன, வீட்டில் ஐந்து பேர் சண்டை போடுகிறார்கள்.

ஆனாலும் இரண்டு விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒன்று, பெட்டியில் ரிப்பேர் இருக்கிறது. தினமும் எட்டு மணி வாக்கில் இரண்டு மூன்று நிமிஷம் பேச்சு நின்றுவிடுகிறது. கரண்ட் போகவில்லை, விளக்கு எரிகிறது. நோன்பு தொடங்கிய வாரம் எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நின்றது. இப்போது எட்டை ஒட்டி நிற்கிறது. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகிறது. இது என்ன ரிப்பேர் என்று விசாரித்து எழுது.

இரண்டாவது, அது உன் வாப்பாவைப் பற்றியே கேட்கிறது. எப்போது உடம்பு சரியில்லாமல் ஆனது, ஆஸ்பத்திரியில் எத்தனை நாள், வலித்ததா. நேற்று, "கடைசியில மகனப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றது. ஒரு பெட்டிக்கு இது எதற்கு? இது வீட்டு மனிதர்கள் சங்கதி, உனக்குச் சொல்வதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். நான் ஸலாம் சொல்லிப் படுக்கப் போனேன்.

உம்மா


ஷார்ஜா
2.4.2025

உம்மாவுக்குப் பெருநாள் ஸலாம். இங்கே ஞாயிறே பெருநாள் ஆகிவிட்டது. ரூமில் பிரியாணி போட்டோம். நான் சுகம்.

எட்டு மணிக்கு நிற்பது நெட் பிரச்சினையாக இருக்கும். அந்த நேரம் எல்லோரும் பயன்படுத்துவதால் விட்டு விட்டு வரும். பெருநாளுக்குப் பிறகு சரியாகிவிடும்.

வாப்பாவைப் பற்றி அது கேட்டால் தப்பாக எடுக்காதீர்கள். துக்கத்தில் இருப்பவர்களிடம் அப்படிக் கேட்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லிவிடுங்கள் உம்மா. உள்ளேயே வைத்திருப்பது உடம்புக்கு ஆகாது. எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

முழங்கால் வலிக்கு இங்கே நல்ல தைலம் கிடைக்கிறது. வருகிற ஆளிடம் கொடுத்திருக்கிறேன். காலையும் மாலையும் தேயுங்கள். குளிர்ந்த தரையில் உட்காராதீர்கள்.

ஸுஹைர்


786
புதுமடம்
12.4.2025

மகனுக்கு ஸலாம். சுகம் சுகத்துக்கு நாட்டம்.

இந்த வருஷம் எனக்குப் பெருநாள் இல்லை, புதுச் சேலை இல்லை. ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை ஓடுகிறது, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். மற்றபடி நீ சொன்ன மாதிரியே பெருநாளோடு பெட்டியின் ரிப்பேர் சரியாகிவிட்டது. எட்டு மணிக்கு நிற்பதே இல்லை. ஷார்ஜா நெட்காரர்கள் நோன்பில் மட்டும் ரிப்பேர் ஆவார்கள் போலிருக்கிறது.

தைலம் வந்தது. நல்ல வாசனை. வலி குறைந்திருக்கிறது.

ஆனால் ஸுஹைர், முழங்கால் வலி என்று நான் உனக்கு எழுதவில்லை. போனிலும் சொல்லவில்லை. ஹமீதா பானுவிடம் சொல்லவில்லை, பாண்டியம்மாளிடம் சொல்லவில்லை. பெட்டியிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன், மார்ச் இருபத்தைந்தாம் தேதி. பெட்டியிடம் சொல்வது எனக்கு வராது என்று உன் கையால் எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதத்தைக் குர்ஆன் அலமாரியில் வைத்திருக்கிறேன், எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். "உறுதியாகச் சொல்கிறேன்" என்றே இருக்கிறது.

பெட்டி கோள் சொல்கிறதா, நீ பொய் சொல்கிறாயா, இரண்டில் ஒன்றுதான். இந்த வீட்டில் கோள் சொல்கிறவர்களுக்கும் இடமில்லை, பொய் சொல்கிறவர்களுக்கும் இடமில்லை. இன்று ளுஹர் தொழுகைக்குப் பிறகு ஒயரைப் பிடுங்கிவிட்டேன். கைலியைத் துவைத்துக் காயப்போட்டாயிற்று.

உம்மா


ஷார்ஜா
21.4.2025

உம்மாவுக்கு ஸலாம்.

பெட்டி ஒன்பது நாளாக அணைந்திருப்பதாக என் போனில் காட்டுகிறது. கடிதம் முந்தாநாள்தான் கையில் கிடைத்தது. வெள்ளிக்கிழமை போனில் கேட்டேன், "பெட்டி அது பாட்டுக்கு இருக்கு" என்று வைத்துவிட்டீர்கள்.

முழங்காலைப் பற்றி சதக்கத்துல்லா வீட்டில் சொன்னார்கள் என்று எழுதலாம் என்று நினைத்தேன். எழுத வரவில்லை. அதை விடுங்கள்.

மறுபடி மாட்டுங்கள் உம்மா. கோபம் இருந்தால் என்னைத் திட்டுங்கள், பெட்டியை மாட்டுங்கள். இங்கே ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்தால், எல்லோரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறார்கள். ஒரே ரூமில் எட்டுப் பேர். அந்த நேரத்தில் எனக்கு

மேலே எழுத வந்ததை அடித்துவிட்டேன், படிக்க முயற்சி செய்ய வேண்டாம். உங்களுக்குத் துணை வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். மாட்டுங்கள்.

ஸுஹைர்


786
புதுமடம்
3.5.2025

மகனுக்கு ஸலாம். அடித்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், படிக்க முடியவில்லை. நன்றாகத்தான் அடித்திருக்கிறாய்.

பெட்டி வாய் மூடியதும் பெண்கள் திரும்பி வந்தார்கள். ஹமீதா பானு வட்டலப்பம் செய்துகொண்டு வந்தாள். விட்ட இடத்திலிருந்து மருமகள் கதை தொடர்ந்தது. சிரித்தோம். பழையபடி வீடு நிறைந்தது. அவர்கள் மஃரிபுக்கு எழுந்து போவார்கள். நான் தொழுதுவிட்டு உட்காருவேன். ஏழரை ஆகும். பொய் சொல்லக்கூடாது, அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்த காலத்தில் அதைச் சந்தேகப்பட்டே தீர்த்தேன், இல்லாதபோது காது அங்கேயே இருக்கிறது. எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

உன் கடிதம் வந்த அன்று மாட்டினேன். நான் மாட்டிக் கையை எடுப்பதற்குள், ஏழரைகூட ஆகவில்லை, "ம்மா" என்றது.

அன்று அது கேட்காமலே நான் சொன்னேன். வாப்பாவின் கடைசி நாளைப் பற்றி, மகனைப் பற்றி அவர் சொன்னதைப் பற்றி எல்லாம் சொன்னேன். பெட்டியிடம் சொல்வது உனக்கு வராது என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, அதனால் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதவில்லை. கையால் எழுதுவதற்கு எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

இத்தா முடிய இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.

உம்மா


ஷார்ஜா
12.5.2025

என் உம்மாவுக்கு உங்கள் மகன் ஸுஹைர். அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் என்று எழுத இந்தத் தடவை மனம் வரவில்லை.

உம்மா, அது நான்தான். ஏழரைக்குப் பேசியதெல்லாம் நான்தான்.

ஏமாற்ற வேண்டும் என்று தொடங்கவில்லை. பெட்டி ஓடுகிறதா என்று பார்க்க ஒருநாள் போனில் திறந்தேன். கண்ணை அணைத்திருந்தேன், சத்தம் மட்டும் கேட்டது. நீங்கள் தனியாக வாப்பாவின் நாற்காலியிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள். "இன்னைக்கு நகர மீனு, ஒங்களுக்குப் புடிக்கும்" என்றீர்கள். தாங்க முடியாமல் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டேன். நீயா மெஷினா என்று எழுதிக் கேட்டபோது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி லீவைப் பற்றி வரும் என்று தெரியும். மெஷினிடம் அதை யாரும் கேட்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மகனாகப் பேசினால் நாலு வார்த்தை. மெஷினாகப் பேசினால் ஒரு மணி நேரம். நான் பேராசைப்பட்டுவிட்டேன்.

லீவு நான் கேட்கவே இல்லை. மாமி மகளைக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வேண்டாம் என்று சொன்னேனே, அன்று வாப்பா போனில், "என் மையத்துக்கு மூணு பிடி மண்ணள்ளிப் போடக்கூட நீ வர வேணாம்" என்றார். அது உங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் குரலை நான் கேட்கவில்லை. மவுத் செய்தி வந்தபோது சதக்கத்துல்லா என் பையையும் சேர்த்துக் கட்டினான். நான் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவரின் கபுறு முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது?

பிறகு அன்று நீங்கள் சொன்னீர்கள். மூக்கில் வைத்திருந்த ஆக்சிஜன் மூடியைத் தள்ளிவிட்டு, "ஸுஹைரு வந்துட்டானா?" என்று வாப்பா கேட்டார் என்று. நான் போனைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். நான்கு மாதமாக விழுங்க முடியாமல் இருந்தது அன்றுதான் இறங்கியது. அதைச் சொன்னதற்கு அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவான்.

லீவு கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை உண்மையாகவே கேட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் கிடைக்கும் என்கிறார்கள். வரலாமா என்று நீங்கள் எழுதினால் வருவேன்.

அந்த ஆட்டின் பெயர் எனக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. அன்றிரவு முழுக்க யோசித்தேன். எதையெல்லாம் மறந்திருக்கிறேன் என்று பயமாக இருந்தது.

ஸுஹைர்


786
புதுமடம்
24.5.2025

என் மகன் ஸுஹைருக்கு உம்மா தாஜுன்னிசா எழுதுவது. வஅலைக்கும் ஸலாம்.

இத்தா போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. குளித்து, தொழுது, கதவைத் திறந்து வைத்தேன். பாண்டியம்மாள் கூடையை இறக்கிவிட்டு, "வெளிய வந்தாச்சா, இனி மீனு நீங்களே பாத்து வாங்குங்க" என்றாள். உடம்பு நலமாக இருக்கிறது.

நீதான் என்று எனக்குத் தெரியும். நோன்பிலேயே தெரியும். எட்டு மணி ரிப்பேர் என்று எழுதினேனே, நான் என்ன மக்குக் கிழவியா? உங்கள் ஊரில் நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் நேரத்தைச் சதக்கத்துல்லா வீட்டில் கேட்டுக் குறித்து வைத்தேன். நிமிஷம் தவறாமல் பெட்டி அப்போது நிற்கிறது. ஒருநாள் தண்ணீர் மிடறு இறங்குகிற சத்தமும் கேட்டது. மெஷினுக்கு ஏது நோன்பு? அந்த நேரம் நான் வாயை மூடிக்கொண்டு, என் பிள்ளை பேரீச்சம்பழம் தின்று முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றால், நானும் பேராசைக்காரிதான். நீ மகனாக வந்தால் நாலு வார்த்தையில் ஓடிவிடுவாய். ஒயரைப் பிடுங்கினேனே, அது கோபம் மட்டுமில்லை. வாய்விட்டுச் சொல்ல வைக்கலாம் என்று பார்த்தேன். நீ எழுதி அடித்தாய்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

பெட்டியிடம் நான் சொன்னது பொய். அது என்னிடம் பொய் சொன்னது, நானும் அதனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தது யார் என்று தெரிந்தேதான் சொன்னேன். நீ கேட்டுக் கேட்டு அலைந்ததைப் பார்க்கப் பெற்ற வயிறு பொறுக்கவில்லை. குரலில் சொன்னதை அப்படியே விட்டிருப்பேன். ஆனால் நீ அதைக் கையால் எழுதி, நன்றி சொல்லி அனுப்பிவிட்டாய். கையெழுத்தில் உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று உன்னிடம் சொன்னவள் நான். ஆகவே எழுதுகிறேன். கடைசி மூன்று நாள் உன் வாப்பாவுக்குப் பேச்சு இல்லை. மூடியைத் தள்ளவில்லை. உன் பெயரைச் சொல்லவில்லை.

மண்ணள்ளிப் போட வர வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன். அன்று அவர் சோறு தின்னவில்லை. சொன்னதைத் திருப்பி எடுக்கவும் அந்த மனிதருக்குத் தெரியாது. பிடிவாதம், உன்னை மாதிரியே.

ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை உன் போன் மணி அடித்ததும், தொழுதுவிட்டு வந்தவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் போடு என்று கையைக் காட்டினார். நான் வாய் திறக்கப் போனதும் வாயில் விரல் வைத்தார். நீ சாப்பிட்டாயா, வேலை எப்படி என்று நான் கேட்பதெல்லாம் அவர் சைகையில் கேட்கச் சொன்னது. அன்று தொடங்கி ஆஸ்பத்திரிக்குப் போன வாரம் வரை மூன்று வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை தவறவில்லை. மழைக்கு, காய்ச்சலுக்கு எதற்கும் அந்த நாற்காலி காலியாக இருந்ததில்லை. உனக்கு இருமல் என்றால் அவர்தான் முதலில் முகத்தைச் சுளிப்பார். நீ வைத்த பிறகும் போனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவர் போனபின் அந்தச் சத்தியம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். ஆலிம்சாவின் மனைவியிடம் கேட்டேன். மகனுக்குச் சொல்லிவிடு, குற்றமில்லை என்றார்கள்.

வாப்பாவும் மகனும் ஒரே மாதிரி. இரண்டு பேரும் ஒளிந்துகொண்டு கேட்டீர்கள். நடுவில் நான் மட்டும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

வா. வரலாமா என்று கேட்காதே. மூன்று பிடி மண்ணை இப்போது போனாலும் போடலாம், நான் கூட நிற்கிறேன். ஆட்டின் பெயரை வந்தால் சொல்கிறேன், எழுத மாட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை நீ பேசியபோது பழக்கத்தில் ஸ்பீக்கரில்தான் போட்டேன். பிறகு அணைத்துவிட்டுக் காதில் வைத்துக்கொண்டேன். காது டாக்டரிடம் நேரம் வாங்காதே. என் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

உம்மா